எலுமிச்சம்பழ கரெண்டை அளக்க எந்த மீட்டர்? ஓட்டை மாறினால் வெடிக்கும் ஆபத்து!

மறைமலை நகர் –

"அப்பா, சயின்ஸ் புராஜெக்டுக்கு மீட்டர் வேணும்!"

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றால் வீட்டுக்கு வீடு கேட்கும் குரல் இது. மறைமலை நகர் தொழிற்பேட்டை ஊர். கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அப்பாக்கள் அதிகம். "பிளான்ட் எலக்ட்ரீஷியன்கிட்ட இல்லாத மீட்டரா?" என்று நினைப்பார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பம்!

மூட்டைத் தராசில் மூக்குத்தி

எலக்ட்ரீஷியன் வைத்திருப்பது கிளாம்ப் மீட்டர். கேபிளைக் கவ்விப் பிடித்து, மோட்டார் இழுக்கும் ஆம்பியரைச் சொல்லும். பையன் செய்வதோ எலுமிச்சம்பழ பேட்டரி. செம்புத் தகடும் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகிய ஒரு பழம் தருவது சுமார் 0.9 வோல்ட். கரெண்டு வெறும் மில்லி ஆம்பியர் கணக்கு. சாதாரண கிளாம்ப் மீட்டர் கண்டுகொள்ளவே கொள்ளாது. மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை நிறுக்க முடியுமா?

பழைய முள் மீட்டரும் சரிப்படாது. முள்ளை நகர்த்தவே பழத்திடமிருந்து கொஞ்சம் கரெண்டை உறிஞ்சிவிடும். வோல்ட்டைக் குறைத்துக் காட்டும். பையன் பழத்தின் மேல் பழி போடுவான்! டிஜிட்டல் மீட்டரின் தடை 10 லட்சம் ஓம், அதற்கும் மேல். உறிஞ்சுவது இல்லை என்றே சொல்லலாம்.

கடையில் கேட்க வேண்டியது

சில நூறு ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். மின்சார ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கடைகடையாகப் பார்க்கலாம். கேள்வி மூன்றே: டி.சி.யில் 2 வோல்ட் ரேஞ்ச் உண்டா? மில்லி ஆம்பியர் ரேஞ்ச் உண்டா? பியூஸ் போட்டிருக்கா?

மூன்றாவது ஓட்டை – உஷார்!

இந்த மீட்டர்களில் 3 ஓட்டை இருக்கும். கறுப்பு ஒயருக்கு ஒன்று. சிவப்பு ஒயருக்கு வோல்ட், ஓம், மில்லி ஆம்பியர் ஓட்டை. மூன்றாவது 10 ஆம்பியர் ஓட்டை. மலிவு மீட்டர்களில் இதற்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது!

ஆம்பியர் அளக்கும்போது மீட்டர் ஒரு கம்பித் துண்டு மாதிரிதான். சிவப்பு ஒயர் அந்த ஓட்டையில் இருக்கும்போது, "வீட்டு கரெண்டு எவ்வளவு?" என்று பையன் 230 வோல்ட் பிளக் பாயிண்டில் குத்தினால்? நேரடி ஷார்ட் சர்க்யூட்! பொறி பறக்கும். மீட்டர் வெடிக்கலாம். கை கருகும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

எலுமிச்சைக்கு அந்த ஓட்டை தேவையே இல்லை. வாங்கிய அன்றே இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி அடைத்துவிடுங்கள். பிளக் பாயிண்ட் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நைட் ஷிப்டுக்கு நிம்மதியாகக் கிளம்பலாம்!