பாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்செலவா?



2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடப் போகிறார் என்ற செய்தி எங்கள் திருகோணமலைக்கும் வந்தது. தையல் வேலை செய்யும் என் மகள், "அம்மா, ஒருக்கா போய்ப் பார்ப்பமே" என்று கேட்டாள். "பாட்டுக் கேட்க இவ்வளவு காசா? றேடியோவில கேள்" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

9 ஆம் திகதி நடந்த அந்த நிகழ்ச்சியில் கட்டணம் கட்டியோருக்கு மேடைக்குக் கிட்ட இடம்; இலவசமாக வந்தோருக்கு வேலிக்கு அப்பால் இடம். கூட்டம் வேலியைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்ததால் நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. "பார்த்தியா, போகாதது நல்லதாப் போச்சு" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "வேலியை உடைச்சது பிழைதான் அம்மா. ஆனா பாட்டில ஆசை வைச்ச சனம் மட்டும் ஏன் தூரத்தில நிக்க வேணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. 2006 இல் சம்பூரை விட்டு ஓடியபோது பானை சட்டியை விட்டுவிட்டுச் சிறிய றேடியோவைச் சீலையில் சுற்றி எடுத்து வந்தவள் நான். கிளிவெட்டி முகாமில் இரவில் அதைச் சுற்றி எத்தனை பெண்கள் இருந்தோம்! பாட்டு எங்களுக்கு ஆடம்பரமாக இருந்ததில்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 சனவரியில் உயர்த்தப்பட்ட அஸ்வெசும கொடுப்பனவு, வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா. மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. இதில் நுழைவுச்சீட்டு, பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் எங்கே அடக்குவது?

நடத்துபவர்களுக்கும் செலவு உண்டு. பாடகர் தனியே வருவதில்லை. வாத்தியக்காரர், ஒலி, ஒளி, மேடை, காவல் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 2023 ஒக்ரோபரில் அதே முற்றவெளியில் சந்தோஷ் நாராயணன் நடத்திய 'யாழ் கானம்' சனங்களுக்கு இலவசமாக இருந்தது. இலவசம் என்றாலும் அந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே விலை கூடவா குறையவா என்பதோடு நின்றுவிடாமல், அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2023 செப்ரெம்பர் 10 ஆம் திகதி சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் பலரால் உள்ளே போக முடியவில்லை. காசு வாங்கினால் இடம் தர வேண்டும். மலிவுச் சீட்டுக்காரருக்கும் மேடை தெரிய வேண்டும். பெண்கள் பயமின்றி நின்று, பயமின்றி வீடு திரும்ப வழி வேண்டும். இவை இருந்தால் விலை நியாயம். இல்லாவிட்டால் நூறு ரூபாவும் அநியாயம்.

சகோதரிகளே, பாட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள்; நகையை அடகு வைக்காதீர்கள். கோயில் திருவிழாக்களில் காசில்லாமல் கேட்கக்கூடிய கச்சேரிகளைத் தவற விடாதீர்கள். ஆனால் கணவனை இழந்தவளுக்குப் பாட்டும் கூத்தும் எதற்கு என்று யாராவது கேட்டால் தலைகுனியவும் வேண்டாம்.

இப்போது எங்கள் தையல் மெசின் பக்கத்தில் ஒரு பால்மா ரின் இருக்கிறது. சட்டை ஒன்று தைத்து முடித்தால் அதில் இருபது ரூபா விழும். அது நிறைய நாளாகும். நிறைந்ததும் வாங்கப் போவது இரண்டு சீட்டு. ஒன்று மகளுக்கு, மற்றது எனக்கு.