நூறு வாட் அலை



என் ஊர் கராச்சர்மா. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரை அடுத்தது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. இரவில் விளக்கு அணைந்தால், “எண்ணெய்க் கப்பல் வரலையோ?” என்பாள் அம்மா. அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி, கடல் கடந்து வரும் டீசலால் பிறப்பதே.

வெயில் இல்லையா என்பீர்கள். உண்டு. 2013இலேயே எங்கள் ஊரில் தேசிய அனல் மின் கழகத்தின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கியது. ஆயினும் மின்சாரத்திற்கு ஒரு குணம் உண்டு: உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். பெருநிலத்தில் மேகம் கவிந்தால் அண்டை மாநிலம் ஈடுசெய்யும். தீவுக்கு அண்டை வீடு ஏது? எனவே பகலிலும் டீசல் எஞ்சின் ஆயத்தமாக நிற்க வேண்டும். நெய்வேலி நிறுவனம் 2020இல் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியையும் இங்கே அமைத்தது இதனால்தான். ஆனால் அந்த 20 மெகாவாட்டையும் மின்கலமே ஈடுசெய்வதானால், 24 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். பருவமழையோ மாதக்கணக்கில் நீடிக்கும்!

அந்த மழை மாதங்களில்தான் கடல் பொங்குகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1991இல் கேரளத்து விழிஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் அமைத்தனர். அறைக்குள் அலை ஏறி இறங்கும். அதனால் உந்தப்படும் காற்று சுழலியைச் சுழற்றும். அதே கழகத்தார் 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் அப்பால் ‘சிந்துஜா’ என்னும் மிதவையைச் சோதித்தனர். நடுவே நிற்கும் தண்டின்மீது மிதவை ஏறி இறங்க, அவ்வசைவு சுழற்சியாகி மின்சாரம் பிறந்தது. எவ்வளவு? 100 வாட்!

விடுதி நண்பர் ஒருவர் இதைக் கேட்டு நகைத்தார். எங்களூர்ச் சூரிய நிலையத்திற்கு ஈடாக இத்தகைய மிதவைகள் 50,000 வேண்டும், கணக்கு சரிதான். ஆனால் உப்பும் புயலும் அரிக்கும் கடலில் ஒரு யந்திரம் நிலைக்குமா என்பதைச் சிறிதாகச் செய்தே அறிய முடியும். பல்கலைக் கழகம் மாதிரியைச் செய்யலாம். பெருக்குவதற்குத் தொழிற்சாலை வேண்டும். கடலையும் அனுபவத்தையும் தர எங்களைப் போன்ற தீவினர் வேண்டும். மூவரும் கூடாவிடில் ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடும்.

பௌதிகம் பயிலும் நான் அந்த மூன்றாமவர் பக்கத்தவன். அம்மா கப்பலை எதிர்பாராத நாள் வரும்வரை, 100 வாட்டைக் கண்டு நான் நகைக்க மாட்டேன்.