படம் பிடித்தவருக்கு உரிமை, பூ போட்டவருக்கு?

குன்னூர் பெட்ஃபோர்டிலோ ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ ஒரு டீத்தூள் கடையில் நின்று, அலமாரியில் உள்ள பாக்கெட்டுகளை வரிசையாகப் பாருங்கள். பெயர் வேறு, விலை வேறு. படம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. பனி படர்ந்த பச்சைச் சரிவு, தலையில் துணி கட்டிய பெண், முதுகில் மூங்கில் கூடை, இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் பிடித்த விரல்கள். நீலகிரியில் இன்று கொழுந்து எடுக்கும் பெண்களில் பலர் கையில் இருப்பது கத்தரி, முதுகில் தொங்குவது நைலான் பை. பாக்கெட்டில் உள்ள சரிவு மூணாறாக இருக்கலாம், நுவரெலியாவாகவும் இருக்கலாம். அந்தப் பெண் குன்னூரைப் பார்த்தே இராதவராக இருக்கலாம்.

சொந்தமாகத் தேயிலை தயாரித்து விற்க நினைக்கும் சிறு விவசாயி டிடிபி சென்டருக்குப் போகிறார். அங்கிருக்கும் பையன் இணையத்தில் டிசைன் விற்கும் தளம் ஒன்றைத் திறந்து நாலைந்து டெம்ப்ளேட்களைக் காட்டுகிறான். ஒன்று பிடித்துவிடுகிறது. காசு கட்டி ஜிப் ஃபைலை இறக்கித் திறந்தால் எழுத்தும் பார்டரும் இருக்கின்றன. மலையும் பெண்ணும் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம். ‘முன்னோட்டப் படங்கள் இதில் சேராது’ என்ற வரி விற்பனைப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத இடத்தில் இருந்திருக்கும். டெம்ப்ளேட் செய்தவர் அந்தப் புகைப்படத்தை வேறொருவரிடமிருந்து, காட்டுவதற்கு மட்டும் உரிமம் பெற்று வைத்திருப்பார். அதை நமக்குக் கைமாற்றித் தர அவருக்கே அதிகாரம் கிடையாது.

“அந்தப் படம்தான் வேணும்” என்கிறார் வாடிக்கையாளர். ப்ரிவியூவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குறுக்கே ஓடும் வாட்டர்மார்க்கை ஏதாவது ஒரு செயலியில் அழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஊட்டி வர்க்கி, நீலகிரித் தைலம், ஹோம்மேட் சாக்லேட் டப்பா, ஹோம்ஸ்டே பேனர் என்று எதற்கும் இதே குறுக்கு வழிதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே இப்படிச் செய்தால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உரிமையாளரின் பெயரைத் தாங்கிய குறியீட்டைத் தெரிந்தே அழிப்பது தனிக் குற்றம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65-பி பிரிவு அதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. டிடிபி சென்டர் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. நோட்டீஸ் வந்தால் அது முதலில் போய்ச் சேருவது பாக்கெட்டில் முகவரி போட்டிருக்கும் விவசாயிக்கு.

உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவரைக் கூலி பேசி அழைத்து, சொந்தத் தோட்டத்தையே படம் எடுத்துக்கொள்வதுதான் நேரான வழி. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. மலையில் படம் எடுத்துப் பிழைப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படத்தின் உரிமை தனக்கே வேண்டும் என்றால் புகைப்படக்காரர் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படத்துக்கு உரிமம் தரும்போது, எத்தனை ஆண்டு என்று எழுதாமல் விட்டால் 5 ஆண்டு; எந்த ஊருக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியா முழுவதும். அரைப் பக்கக் காகிதம் போதும் இதற்கு.

படத்தில் உள்ள பெண் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. நீலகிரித் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சாலையோரம் கார் நிறுத்தி இறங்கும் பயணிகள் அவர்களை வேலை நேரத்தில் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் சில இலவசத் தளங்களில் ஏறி, அங்கிருந்து டெம்ப்ளேட்டின் ப்ரிவியூவுக்குள் போய், யாரோ ஒருவருடைய பாக்கெட்டில் வந்து உட்காரலாம். படத்தை இலவசமாகத் தரும் தளம், படத்தில் இருப்பவரின் சம்மதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. இந்த விஷயத்தில் வழிகாட்டும் தீர்ப்பு நம் ஊர் வாரப் பத்திரிகை ஒன்று போட்ட வழக்கில் பிறந்தது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றி ‘நக்கீரன்’ தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் வெளியிடும் உரிமையை நிலைநாட்டியது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. கொழுந்து எடுக்கும் அக்காவுக்கும் அந்த வரி பொருந்தும். வழக்குப் போட அவரிடம் நேரமும் பணமும் இல்லை என்பதால் உரிமை இல்லாமல் போய்விடாது.

இதைவிடப் பெரிய அநியாயம் நீலகிரியின் தோடர் பழங்குடியினர் வாழும் மந்துகளில் நடக்கிறது. தோடர் பெண்கள் போடும் பூவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. அதில் கோடு கிழிப்பதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமான நூலை ஊசியால் ஏற்றி இறக்கி, எண்ணிக்கையிலேயே எருமைக் கொம்பையும் மலையையும் கொண்டுவருகிறார்கள். ஓர் இழை தப்பினால் வரிசை முழுதும் கோணிப் போகும். பூத்துக்குளி என்னும் அந்தச் சால்வைதான் உயிரோடிருப்பவருக்குப் போர்வை. இறந்தவரை மூடும் துணியும் அதுதான்.

அந்த வடிவங்களை ஒரு சால்வையின் புகைப்படத்திலிருந்து கணினியில் இழுத்து, சில நிமிடங்களில் வெக்டர் ஃபைலாக்கிவிடலாம். ‘ட்ரைபல் பார்டர்’, ‘ஜியாமெட்ரிக் பேட்டர்ன்’ என்ற பெயரில் அதை விற்கலாம். வாங்குபவர் குவளையிலும் செல்போன் உறையிலும் அச்சடிக்கலாம். அந்த ஃபைலின் ப்ரிவியூவிலும் வாட்டர்மார்க் ஓடும், அதில் விற்பவரின் பெயர் இருக்கும்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து பெற்றுத் தந்த பெருமை அது. அந்தக் குறியீடு காப்பது பெயரையும் அந்தப் பெயரில் விற்கும் பொருளையும். எந்திரத்தில் அடித்த துணியைத் ‘தோடர் எம்பிராய்டரி’ என்று விற்றால் தட்டிக் கேட்கலாம். பெயரை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்தால் பிடிக்க முடியாது. குறியீட்டின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதற்குத் தேயிலை உலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொல்கத்தாவில் ஐடிசி ஹோட்டல் தன் கூடம் ஒன்றுக்கு ‘டார்ஜிலிங் லவுஞ்ச்’ என்று பெயர் வைத்ததை எதிர்த்து டீ போர்டு வழக்குப் போட்டது. குறியீடு பொருளுக்குத்தான், ஹோட்டல் சேவைக்கு அல்ல என்று கூறி 2019இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டார்ஜிலிங் தேயிலை இந்தியாவின் முதல் புவிசார் குறியீடு. அதற்கே இந்த நிலை என்றால் கணினி ஃபைலுக்கு எதிராகத் தோடர் பெண்கள் என்ன செய்வார்கள்?

பதிப்புரிமையும் கைகொடுப்பதில்லை. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த வடிவத்துக்குத் தனி ஆசிரியர் என்று யாரைக் காட்டுவது? அதே சால்வையைப் படம் எடுத்தவருக்கோ, எடுத்த கணத்திலிருந்து அவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. அவர் படத்தை ஒரு தளம் திருடினால், முறைப்படி எழுத்தில் புகார் கொடுத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை மறைக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு வாங்கிவர அவருக்கு 21 நாள் அவகாசம். சால்வையைத் தைத்தவர், பாரம்பரிய வடிவம் திருடு போனதாக இதே புகாரைக் கொடுக்க வழியில்லை. ஒரே துணி, இரண்டு பேரின் உழைப்பு என்று வைத்துக்கொண்டாலும் கேமரா வைத்திருப்பவர் பக்கம்தான் சட்டம் நிற்கிறது. இது என்னால் ஏற்க முடியாத ஏற்பாடு.

வெளிநாட்டிலும் இதே போராட்டம்தான். பழங்குடி வடிவங்களை எடுத்தாண்டதற்காக 2021இல் மெக்சிகோ அரசு ஸாரா உள்ளிட்ட ஆடை நிறுவனங்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. ஒரு சமூகத்துக்காக அரசே கேள்வி கேட்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி. 2024 மே மாதம் ஜெனீவாவில் நிறைவேறிய உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் ஒப்பந்தம், மரபணு வளங்களையும் அவற்றைச் சார்ந்த மரபறிவையும் பற்றியது. பூவேலை அதற்குள் வரவில்லை.

புதிய சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கலைத்திறன் கொண்ட கைவினைப் படைப்பும் ‘கலைப்படைப்பு’ என்று நம் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. ஒரு பெண் பழைய வடிவங்களைப் புதிதாகச் சேர்த்து அமைக்கும் சால்வைக்கு அந்த வழியில் உரிமை கோர இடமுண்டு. கோருவதற்கு ஆதாரம் வேண்டும்: எந்தத் துணி, யார் தைத்தது, எந்தத் தேதி. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துணியையும் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை அங்கே தொடங்கலாம். அந்தப் படங்களின் உரிமையைத் தைத்தவர் பெயரிலேயே எழுதி வைக்கலாம். அப்படிச் செய்தால், அந்தப் படத்தையே எடுத்துப் போடும் தளத்துக்கு 36 மணி நேரக் கெடு வைக்கும் அதிகாரம் மந்தில் இருக்கும் பெண்ணுக்கும் வந்துவிடும்.