கையேடு கொடுத்தால் போதுமா?

சரவாங்கி என்று நம் வீடுகளில் சொல்லப்படும் முடக்குவாதம் வந்தவருக்கு மருந்துச்சீட்டோடு சில அறிவுரைகளும் கிடைக்கும். கையை அதிகம் வருத்தாதீர்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்பார்கள். அக்கறை சற்றுக் கூடிய இடத்தில் ஒரு கையேடும் தருவார்கள். விஷயம் தெரிந்துவிட்டால் நோயாளி அதன்படி நடப்பார் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. ஆனால் 2003-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இந்நோய் உள்ளவர்களுக்கான கல்வி குறித்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் தகவல் தந்த முறைகளால் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. பழக்கத்தை மாற்றப் பயிற்சி கொடுத்த முறைகளில்தான் பலன் இருந்தது. அப்படிப்பட்ட பயிற்சியையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவமனைகள் நடத்த வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இதைத் தெளிவாகக் காட்டுவது, அலிசன் ஹாமண்ட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் நடத்திய ஒப்பீடு. நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத 127 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் எட்டு மணி நேரமே வகுப்பு. ஒரு குழுவுக்கு வழக்கமான பாடம். மற்றதில், மூட்டுக்குச் சுமை ஏறாமல் வேலை செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினார்கள். கனமான பாத்திரத்தை விரல்களில் தொங்கவிடாமல் இரு உள்ளங்கைகளிலும் ஏந்துவது, வேலைக்கு நடுவே வலி வருமுன் ஓய்வெடுப்பது போன்றவைதான் இந்த மூட்டுப் பாதுகாப்பு. நான்கு ஆண்டுகள் கழித்தும் பழகிய குழுவினரிடம் காலை நேர விறைப்பு குறைவாக இருந்தது; கை மூட்டுகள் கோணிப்போனதும் குறைவு. செலவான நேரம் ஒன்றே, சொல்லிக்கொடுத்த விதம்தான் வேறு.

பழகுவது ஏன் பலிக்கிறது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் உருவாக்கிய ஆறு வார வகுப்பு இதற்கு ஒரு விடை தருகிறது. அதை நடத்துபவர்களில் பலர் மூட்டுவாதம் உள்ள சாதாரண மனிதர்கள். வாரந்தோறும் ஒவ்வொருவரும் தாம் செய்ய விரும்பும் சிறு காரியம் ஒன்றைத் தேர்ந்து, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று திட்டமிட வேண்டும். அதை முடிக்க முடியும் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். பலன் கண்டவர்களை ஆராய்ந்தபோது, எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதைவிட, நோயைச் சமாளிக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்ந்ததே வலி குறைந்ததோடு அதிகம் ஒத்துப்போனது. 1993-இல் வெளியான நான்காண்டுக் கணக்கில், பலவகை மூட்டுவாதம் கொண்ட இவர்களுக்கு வலி சுமார் 20 சதவீதமும் மருத்துவரிடம் போவது 40 சதவீதமும் குறைந்திருந்தன.

அதே ஆய்வில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது. இதை மறைக்கக் கூடாது. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் முடக்குவாதம். வகுப்பறையால் அதை நிறுத்த முடியாது, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வேண்டும். அப்படியானால் மருந்தே போதாதா என்று கேட்கலாம். அந்த மருந்தைப் பாருங்கள். வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பலன் தெரியப் பல வாரம் ஆகும் என்பதால் பொறுமையிழந்து நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நல்ல மருந்து கைக்கு வந்த பிறகு நோயாளி கற்க வேண்டியது கூடுகிறது.

பலன் நீடிப்பதில்லை என்ற ஆட்சேபத்துக்கும் காக்ரேன் தொகுப்பே ஆதாரம்: தொடக்கத்தில் தெரிந்த சிறு முன்னேற்றம் நாளடைவில் மறைந்தது. பல பத்தாண்டுகள் கூடவே இருக்கும் நோய்க்கு ஒரே ஒரு முறை வகுப்பு எடுத்தால் வேறென்ன நடக்கும்? மாத்திரையை நிறுத்தினாலும் பலன் நின்றுதான் போகிறது. எனக்கு இதைவிடக் கனமாகத் தோன்றுவது இன்னொரு குறை. மருத்துவமனை தன் பொறுப்பை நோயாளி தலையில் கட்டி, நோய் முற்றினால் பழியையும் அவர்மேல் போட இந்தப் பயிற்சி வழி செய்யுமே என்ற அச்சம் நியாயமானது. தினக்கூலிக்குப் போகும் பெண்ணால் ஆறு வாரம் தனியாக வகுப்புக்கு வர முடியாது. ஆகவே மருந்து வாங்க வரும் நாளிலேயே, காத்திருக்கும் நேரத்தில், பயிற்சி பெற்ற செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ, நோயோடு வாழப் பழகிய மற்றொருவரும் சேர்ந்து இதை நடத்த வேண்டும். அடுத்த முறை வரும்போது எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேட்க வேண்டும்.