பசியை அடக்கினால் பாய்ந்து வரும்

காலை டிபன் சாப்பிடாமல் பஸ் பிடிப்பது, உடம்பு வைத்துவிடும் என்று மதியச் சோற்றை ஒதுக்குவது, மாலையில் ஆளில்லாத நேரத்தில் பிஸ்கட், மிக்சர், மிச்சச் சோறு என வயிறு வலிக்கும்வரை தின்பது, பிறகு வெட்கப்பட்டுக் கவரை ஒளித்துவைப்பது. புதுச்சேரி வில்லியனூரில் பத்தாவது படிக்கும் பிள்ளை இப்படிச் செய்தால் வீட்டில் 'தீனிப்பண்டாரம்' என்று திட்டுதான் விழும். மருத்துவமோ இதை நோய் என்கிறது. 1959இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு இதை விவரித்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தனிக் கோளாறாக ஏற்றது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், வாரம் ஒருமுறையாவது, 3 மாதம் இப்படி நடப்பதே அடையாளம்.

இதற்கு ஆக்ஸ்போர்டு மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த பேச்சுவழிச் சிகிச்சை, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதில்லை. 3 வேளைச் சாப்பாடு, இடையே 2 அல்லது 3 முறை சிற்றுண்டி, 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. பட்டினி கிடந்தால் உடல் உணவைத் தேடும். ஒரு வாய் கூடிவிட்டால் 'எல்லாம் போச்சு' என்ற எண்ணம் வரும். அது மேலும் தின்ன வைக்கும். மறுநாள் குற்ற உணர்வில் மீண்டும் பட்டினி. வேளாவேளைக்குச் சாப்பிடும்போது இந்தச் சுழல் அறுகிறது.

பெரியவர்களுக்கான முறையை அப்படியே பிள்ளைகளுக்குத் தர முடியாது. சமைப்பதும் பரிமாறுவதும் அம்மாவோ ஆயாவோ என்பதால் அவர்களும் சில அமர்வுகளில் உட்கார வேண்டும். எப்போது, எந்த மனநிலையில் சாப்பிட்டோம் என்று பிள்ளை எழுதும் நோட்டை வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. இதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு ஆட்சியில், 1930இலேயே தொடங்கிய மதிய உணவு இன்றும் இருக்கிறது. அந்த ஒரு வேளையை உறுதியாக்கிக்கொண்டு மற்ற வேளைகளை வகுக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் மரியன் டானோஃப்ஸ்கி-கிராஃப், உறவுச் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் சிகிச்சையை வளரிளம் பெண்களுக்கு ஏற்ப மாற்றினார். சண்டை, கேலி, தனிமை ஆகியவை மனதைத் தாக்க, அந்த வலி சாப்பாட்டில் போய் முடிவதை அவர்களே கண்டுகொள்ள அது உதவுகிறது. "என்னடி இப்படி ஊதிட்டே?" என்று விசேஷ வீட்டில் அத்தை கேட்பது நம் ஊரில் சாதாரணம். அந்தக் கேள்வியை நிறுத்துவதும் சிகிச்சைதான்.

தின்றபின் வாந்தி எடுத்தால் தாமதிக்க வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறை உண்டு. மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிள்ளையைத் தனியே குற்றவாளியாக்காமல், பெற்றோரும் கூடவே போங்கள்.