முன்னும் பின்னும்: மருந்தின் பலனை எவ்வாறு கணிக்கிறோம்?

"மாத்திரை தொடங்கி ஒரு மாதமாகிறது. பலன் தெரிகிறதா, டாக்டர்?" மறுபரிசோதனைக்கு வருவோர் பலரும் எங்களிடம் இவ்வாறு கேட்கின்றனர். இதற்கு விடை கூற எங்களுக்கு இன்றைய அளவு மட்டும் போதாது. மருந்து தொடங்கும் முன் எடுத்த அளவும் வேண்டும். உடல்நிலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவரின் மாற்றத்தை அவருடைய முந்தைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளிலும் இம்முறை உண்டு. ஒரே நபர்களிடம் இருமுறை எடுத்த அளவுகளை ஒப்பிடும் கணக்கிற்கு 'இணை டி-சோதனை' என்று பெயர். டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் இதன் அடிப்படையை வெளியிட்டார். பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைக் கொடுத்து அளந்த விவரத்தை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி நேரமும், இரண்டாவது மருந்தால் 2.33 மணி நேரமும் தூக்கம் கூடியது. ஆனால் முதல் மருந்தில் ஒருவருக்கு 3.7 மணி நேரம் கூடியது, வேறொருவருக்கு 1.6 மணி நேரம் குறைந்தது. இத்தனை ஏற்றத்தாழ்வில் சராசரிகளை மட்டும் பார்த்தால் உறுதியான முடிவுக்கு வர இயலாது. ஒவ்வொருவரின் இரு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டால் உண்மை தெளிவாகிறது. பத்தில் ஒன்பது பேர் இரண்டாவது மருந்தில் கூடுதலாகத் தூங்கினர்; ஒருவருக்கு இரண்டும் சமம். சராசரி வேறுபாடு 1.58 மணி நேரம்.

அந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது, எத்தனை பேரிடம் அளக்கப்பட்டது என்பவற்றைக் கொண்டு 'திட்டப்பிழை' கணக்கிடப்படுகிறது. சராசரி வேறுபாட்டை அதனால் வகுத்தால் டி-மதிப்பு கிடைக்கும். இங்கு அது ஏறத்தாழ 4. இரு மருந்துகளுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லையெனில், இவ்வளவு பெரிய மதிப்பு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவே. இதே எண்களை வெவ்வேறு இருபது பேரின் அளவுகளாகக் கொண்டால் அவ்வாய்ப்பு நூற்றில் எட்டாக உயர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்த நாளில் சிகிச்சை தொடங்கினால், அடுத்த முறை அது இயல்பாகவே சற்றுக் குறையக்கூடும். உப்பைக் குறைத்ததும் காரணமாகலாம். ஆகவேதான் புதிய மருந்துகளை ஆராயும்போது, அம்மருந்தைப் பெறாத ஒரு குழுவையும் உடன்வைத்து ஒப்பிடுகின்றனர்.

உங்கள் அளவுகள் ஒப்பிடத்தக்கவையாக இருக்க, வீட்டில் இவற்றைப் பின்பற்றுங்கள்:

• நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கருவியால், ஒரே கையில் அளவிடுங்கள்.
• அதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். அரை மணி நேரத்திற்குள் காபியோ புகையோ வேண்டா.
• ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் தேதியுடன் எழுதிவையுங்கள்.
• பழைய பரிசோதனை அறிக்கைகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.

ஒரு நாள் அளவு குறைந்தது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பேட்டுடன் வாருங்கள், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.