எரிகிற வீட்டில் பிடுங்குவோர்

"இன்றிரவு 9-30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை. உடனே மின்சார அதிகாரியைக் கூப்பிடவும்."

2022ஆம் ஆண்டில் தமிழ்நாடெங்கும் எத்தனையோ கைப்பேசிகளில் வந்து விழுந்த செய்தி இது. கோரிப்பாளையத்திலும் விழுந்தது. தர்கா வாசலில் பூ விற்பவருக்கும் வந்தது, ஏ.வி. பாலத்தின் மேல் பாரவண்டி தள்ளுகிறவருக்கும் வந்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாகக் காத்துக் கிடந்தவருக்கும் வந்தது. செய்தியின் கீழே பத்து இலக்கத்தில் ஓர் எண். அதிகாரியின் எண்ணாம்! அதிகாரியுமில்லை, அலுவலகமுமில்லை. அது தூண்டில்.

நமது தோழர் ஒருவர் அந்தத் தூண்டிலில் சிக்கினார். சுமை தூக்கிப் பிழைப்பவர். அந்த ஆண்டின் கடைசி மாதம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 18 ஆயிரம் ரூபாய் வங்கியிலே இருந்தது. செய்தி ஆங்கிலத்தில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் வந்தால் அது சர்க்கார் கடிதம் என்பது மட்டும் தெரியும்! டீக்கடையில் படித்த பிள்ளையொருவன் வாசித்துப் பொருள் சொன்னான். வீட்டிலே கைக்குழந்தையோடு மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இருட்டில் எப்படி இருப்பது? கூப்பிட்டார்.

எதிர்முனையில் பேசியவன் அதட்டவில்லை, மிரட்டவில்லை. "ஐயா, பயப்படாதீர்கள், நான் சரிசெய்து தருகிறேன்" என்றான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். வெறும் பத்து ரூபாய் கட்டினால் கணக்குப் புதுப்பிக்கப்படும் என்றான். டீக்கடைப் பிள்ளையின் உதவியோடு தோழரும் அப்படியே செய்தார். அந்தச் செயலி என்ன வேலை செய்யும் தெரியுமா? நமது கைப்பேசித் திரையில் தெரிவதையெல்லாம் எங்கோ இருக்கிற இன்னொருவன் தன் திரையில் பார்க்கலாம். பத்து ரூபாய்க்காக நாம் தட்டும் இரகசிய எண்ணை அவன் பார்க்கிறான். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணையும் பார்க்கிறான். பத்து ரூபாய் போயிற்று. பின்னாலேயே பதினெட்டாயிரமும் போயிற்று. மின்சாரம் மட்டும் போகவில்லை. அது போவதாக இருந்ததேயில்லை!

மூன்று நாள் அவர் எவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம்! அந்த வெட்கத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இதே செய்தி அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கும் வந்தது. அந்த வீட்டுப் பெண்மணி பள்ளிக்கூடம் போனவரல்லர். கணவர் பதறினார். அவர் சொன்னாராம்: "பகலில் பீஸைப் பிடுங்க வருகிற லயன்மேனையே நாம் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு எவன் வரப்போகிறான்? பேசாமல் சாப்பிடுங்கள்." அந்த ஒரு கேள்விக்கு மோசடிக்காரனிடம் பதிலில்லை.

அந்த அம்மையார் அனுபவத்தால் அறிந்ததையே சட்டமும் சொல்லுகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56ஆவது பிரிவு: கட்டணம் பாக்கி என்பதற்காக மின்சாரத்தைத் துண்டிப்பதானால், 15 முழு நாட்களுக்குக் குறையாமல், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். பதினைந்து நாட்கள்! "இன்றிரவு" என்ற சொல் சட்டத்தில் இல்லை. இந்த ஒரு செய்தி நம் மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், எத்தனை வீட்டுச் சேமிப்பு தப்பியிருக்கும்!

ஏமாந்தவரை "ஏமாளி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அவர் ஏன் நம்பினார் என்று கேட்கிறோம்.

அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். 2022 நவம்பரில், மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்க வேண்டும் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. இணைக்காத பலர் இணையத்தின் வழியே கட்டணம் செலுத்த முடியாமல் திகைத்தனர். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் போய்விடுமோ என்று வாடகை வீட்டுக்காரர்கள் கலங்கினர். போகாது என்று அமைச்சர் விளக்கினார். 2,811 பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம்கள் நடந்தன. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி நாள்? முதலில் டிசம்பர் 31 என்றார்கள். பிறகு ஜனவரி 31. பிறகு பிப்ரவரி 15. அதற்கும் பிறகு பிப்ரவரி 28. கடைசி நாளுக்கே கடைசியில்லாமல் போயிற்று! வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நமது தோழர் தள்ளிப் போட்டிருந்தார். நெஞ்சிலே ஏற்கெனவே ஒரு முள். அந்த முள்ளின் மேல்தான் அந்தச் செய்தி வந்து விழுந்தது. பயத்தை மோசடிக்காரன் உண்டாக்கவில்லை, தோழர்களே! பயம் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தது. அவன் செய்ததெல்லாம் அதற்குத் தன் எண்ணைக் கொடுத்ததுதான்.

அவனுக்கு ஒரே முதல் நமது அச்சம். அந்த அச்சம் எங்கே விளைகிறது? மூடிய சன்னலில் விளைகிறது. முடங்கிய இணையத்தளத்தில் விளைகிறது. நெருங்கி வருகிற கடைசி நாளில் விளைகிறது.

2021 ஏப்ரல் 28. கொரோனா இரண்டாம் அலை. ஆஸ்பத்திரிகளில் பிராணவாயு இல்லை, படுக்கை இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசிப் பதிவு மாலை 4 மணிக்குத் தொடங்கும் என்றனர். நான்கு மணிக்குத் தளம் திணறி நின்றது. அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர் என்றால், எத்தனை கோடி விரல்கள் அந்தக் கதவைத் தட்டியிருக்கும்! அடுத்த சில நாட்களிலேயே, "தடுப்பூசிக்குப் பதிவு செய்ய இதை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று போலிச் செயலிகள் குறுஞ்செய்தியில் உலவின. மத்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. உண்மைக் கதவு திறக்கவில்லை. பொய்க் கதவு திறந்தே கிடந்தது. உயிருக்குப் பயந்தவன் எந்தக் கதவில் நுழைவான்?

அதே 2021, மார்ச் 31. வருமானவரி எண் அட்டையை ஆதாரோடு இணைக்கக் கடைசி நாள். அன்றைக்குத் தளம் படுத்தது. இரவோடு இரவாக ஜூன் 30 வரை கெடு நீட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் 7இல் புதுத் தளம் திறந்தார்கள். ஆகஸ்டில் அதுவும் இரண்டு நாள் முடங்கியது. கட்டியவர் இன்போசிஸ். நிதியமைச்சர் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியை டில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டார். பெரிய நிறுவனத்துக்கு விளக்கம் சொல்ல நாற்காலி கிடைத்தது. கெடு தவறிய சாமானியனுக்கு என்ன கிடைக்கும்? அபராதம்!

இன்னும் நமக்கு நெருக்கமானதைப் பார்ப்போம். 2025 மார்ச் 26லும், ஏப்ரல் 12லும் நாடெங்கும் யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் தடைப்பட்டது. டீக்கடையிலே குடித்த டீக்குக் காசு கொடுக்க முடியாமல் உழைப்பாளி தலைகுனிந்து நின்றான். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, கடைக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? வங்கியின் உதவி எண் எது என்று இணையத்தில் தேடுகிறோம். அங்கேதான் வலை! வங்கியின் பெயரில் போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். நாமே அவனைத் தேடிப்போய்க் கூப்பிடுகிறோம்.

இது ஏதோ ஏழைநாட்டுக் கோளாறு என்று எண்ணவேண்டாம். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்றால் உலகமெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் நின்றன. விமானங்கள் நின்றன, நம் நாட்டில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே, "பழுதை நாங்கள் நீக்கித் தருகிறோம்" என்று போலித் தளங்கள் முளைத்துவிட்டன. எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பது உலகத் திருடர் அனைவருக்கும் பொதுவான வேதம்!

ஆளுக்குத் தக்கபடி அச்சத்தை அளந்து கொடுக்கிறார்கள். தொழிலாளிக்கு மின்வெட்டு. ஓய்வூதியக்காரருக்கு, "உயிர்ச்சான்று தரவில்லை, பென்ஷன் நின்றுவிடும்". வசதி படைத்தவருக்கு, "உங்கள் பெயரில் போதைப் பொருள் பொட்டலம், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்". கைப்பேசி வழியாகக் கைது செய்ய இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் படித்தவர்கள், பதவி வகித்தவர்களெல்லாம் நாட்கணக்கில் கைப்பேசியின் முன்னால் கைதியாக உட்கார்ந்திருந்தார்கள். 2025இல் உச்சநீதிமன்றம் தானாகவே இந்த விவகாரத்தைக் கையிலெடுத்து, டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையை விசாரிக்கச் சொன்னது. 2023இல் இணைய மோசடிகளில் நாடு இழந்தது 7,465 கோடி ரூபாய்; 2024இல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் சர்க்காரே தந்த கணக்கு இது. ஒரே ஆண்டில் மும்மடங்கு! இந்த நாட்டில் வேறெந்தத் தொழில் இப்படி வளர்ந்தது?

மறுமுனையில் பேசுகிறவன் யார் என்பதையும் அறியவேண்டும். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போனவர்கள். போன இடத்தில் மோசடி செய்யும்படி அடைத்துவைத்து வதைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் ஒரு இலட்சம் பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கூறியது. நம் வீட்டுப் பிள்ளையின் வேலையில்லாத பயத்தை முதலாக்கி அவனைப் பிடிக்கிறார்கள். பிறகு அவனைக்கொண்டே நம் பயத்தை முதலாக்கி நம்மைப் பிடிக்கிறார்கள். இரு முனையிலும் அகப்பட்டவன் ஏழை. நடுவிலே கொழுப்பவன் முதலாளி!

ஆகவே சர்க்காரை நோக்கி நாம் கேட்பவை இவை. தளம் முடங்கினால், முடங்கிய நாட்களுக்கேற்பக் கெடு தானாக நீளவேண்டும், அபராதம் கூடாது. இணையத்தில் தருகிற ஒவ்வொரு சேவைக்கும் மனிதர் உட்காரும் சன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும், கூலி போகாமல் தொழிலாளி வரக்கூடிய மாலை நேரத்திலும்! அறிவிப்புகள் தமிழில் வரவேண்டும். அவற்றை அலுவலகப் பலகையிலும் ஒட்டவேண்டும். திருட்டுப் பணத்தை வாங்கிக் கைமாற்றும் வங்கிக் கணக்குகளைத் திறந்துகொடுத்தவர் யார் என்று வங்கிகளைக் கேட்கவேண்டும். ஏழைக்குக் கணக்குத் தொடங்க எத்தனை காகிதம் கேட்கிறீர்கள்! திருடனுக்கு மட்டும் அது எப்படி எளிதாயிற்று?

நமக்கும் வேலையிருக்கிறது, தோழர்களே! ஒரு காலத்தில் தெருமுனைப் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப்பேர் கேட்பார்கள். அந்தப் பத்துப்பேரையும் பொய்ச்செய்தி எளிதில் அண்டமுடியவில்லை. இன்று கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தனியாக நின்று படிக்கிறோம், தனியாகவே பயப்படுகிறோம். தனியாக நிற்பவனைத்தான் திருடன் தேடுகிறான். மன்றத்தில் மாலை வேளையில் விவரம் தெரிந்த தோழர் ஒருவர் உட்காரட்டும். "அண்ணே, இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது" என்று எவரும் வந்து காட்டட்டும். மின்சாரம் பற்றிய சந்தேகமா? 94987 94987 என்ற மின்னகம் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செய்தியில் வந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே 1930. போன பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்திவைக்க ஏற்பாடு இருக்கிறது. முதல் மணி நேரம் பொன்னான நேரம்.

நமது தோழர் அந்த மணி நேரத்தை மட்டுமல்ல, மூன்று நாட்களை வெட்கத்தில் இழந்தார். ஏன்? சொன்னால் நாம் சிரிப்போம் என்று அஞ்சினார். மோசடிக்காரனிடம் அவர் கொண்ட அச்சத்தைவிட நம்மிடம் கொண்ட அச்சம் பெரிதாக இருந்திருக்கிறது! இதைவிட நமக்குத் தலைகுனிவு வேறுண்டா? மகளின் கட்டணத்தைத் தெருத் தோழர்கள் கூடிக் கட்டினார்கள், அவள் படிக்கிறாள். ஆனால் முதல் நாளே அவர் நம்மிடம் வந்திருந்தால், அந்தப் பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கக் கூடும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவனைப் பார்த்துச் சிரிப்பவன் பேய்க்கே உதவுகிறான். பக்கத்தில் போய் நில்லுங்கள், தோழர்களே! "காட்டண்ணே, என்ன செய்தி வந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.